சீன முறை நிச்சயச் சீர்: மரபுப் பலகாரமா, மேற்கத்திய கேக்கா, பற்றுச்சீட்டா?

சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையனுக்கும் சீனக் குடும்பத்துப் பெண்ணுக்கும் திருமண நாள் குறித்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பரிசத் தட்டுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் பையனின் தாயாருக்கு ஒரு நாள் பெண் வீட்டிலிருந்து செய்தி வருகிறது: "எங்கள் பக்கத்துக்கு 60 பெட்டி கேக் வேண்டும். குவோ தா லி (சீர் கொண்டுவரும் நாள்) அன்று கொண்டுவந்தால் போதும்." எந்தக் கேக், எந்தக் கடை, ஏன் 60, யார் பணம் தருவது, பெட்டிகளுக்குப் பதிலாக, கடையில் கொடுத்துக் கேக் வாங்கிக்கொள்ளும் பற்றுச்சீட்டைக் கொடுத்தால் தவறாகுமா என்று கேள்விகள் அடுக்கடுக்காக எழுகின்றன. சீன மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கோ கேள்வி எதிர்த் திசையிலிருந்து வருகிறது. அங்கிருந்து வரப்போகும் கேக்கை நம் சைவ உறவினர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்த இரு தரப்பினரும் கேட்டவையே இந்த ஒப்பீட்டுக்குக் காரணம்.

கேக் எதற்காக வருகிறது?

சீனத் திருமண முறை, 'மூன்று கடிதங்கள், ஆறு சடங்குகள்' என்று வழங்கும் பழைய வரிசையிலிருந்து வளர்ந்தது. அந்த ஆறில் நான்காவதான 'நா செங்' சடங்கில், மாப்பிள்ளை வீட்டார் பணமும் பொருளும் கொண்டுவந்து சம்பந்தத்தை உறுதிசெய்வார்கள். இன்று மாண்டரினில் குவோ தா லி என்று சொல்லப்படுவது அதன் தொடர்ச்சிதான். சிங்கப்பூரில் இது பெரும்பாலும் திருமணத்துக்கு ஒரு மாதம் முதல் இரண்டு வாரம் வரை முன்னதாக, நல்ல நாளும் நேரமும் பார்த்து நடக்கிறது. அன்று வரும் கேக்குக்கு ஷி பிங் என்று பெயர். மங்கலப் பலகாரம் என்று பொருள் கொள்ளலாம். கேண்டனீஸ் மக்கள் இன்னும் வெளிப்படையாக, 'பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் பலகாரம்' என்றே அதை அழைக்கிறார்கள்.

இந்தக் கேக்குக்கான பணம் மாப்பிள்ளை வீட்டாருடையது. அதைப் பகிர்ந்தளிப்பவர்கள் பெண்ணின் பெற்றோர். உண்பவர்கள் பெண் வீட்டு உறவினரும் நண்பர்களும். மணப்பெண் மட்டும் தன் திருமணக் கேக்கை உண்பதில்லை, ஏனென்றால் தன் மகிழ்ச்சியைத் தானே தின்று தீர்ப்பதாகிவிடும் என்பது நம்பிக்கை. வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதை இதன் நோக்கத்தை நன்றாக விளக்குகிறது. மூன்று அரசுகள் காலத்தில், சிற்றரசர் லியூ பெய்க்குப் பெண் தருவதாகப் பொய் சொல்லி அவரைச் சிறைபிடிக்க எதிரிகள் திட்டமிட்டபோது, அவருடைய அமைச்சர் சூகெ லியாங் ஊரெல்லாம் திருமணக் கேக்கை வழங்கச் செய்து, கல்யாணச் செய்தியை எல்லாருக்கும் தெரியப்படுத்தி, பொய்த் திருமணத்தை மெய்த் திருமணமாக்கிவிட்டாராம். கதை நடந்ததோ இல்லையோ, கேக்கின் வேலை அதில் சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது: அது சம்பந்தத்தை ஊரறியச் செய்கிறது.

ஆகவே பிறந்தநாள் கேக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இதைத் தேர்ந்தெடுத்தால் வழி தவறிவிடும். நம் வழக்கத்தில் இதற்கு நெருக்கமானது, வீடு வீடாகச் சென்று வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். பாக்கு வைத்து அழைக்கப்பட்டவர் வந்தே ஆக வேண்டும் என்பதுபோல, கேக் பெற்றவர் விருந்துக்கு வந்து அங்பாவ் (பணம் வைத்த சிவப்பு உறை) தருவார் என்ற எதிர்பார்ப்பும் அதில் அடங்கியிருக்கிறது. எந்தக் கேக் சிறந்தது என்ற கேள்வியை, எந்தக் கேக் இந்த அழைப்பை மரியாதையாகக் கொண்டுசேர்க்கும் என்று மாற்றிக் கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது?

முதல் அளவுகோல், பெண்ணின் பெற்றோர், குறிப்பாகத் தாயார், என்ன எதிர்பார்க்கிறார் என்பது. பகிரப்போகிறவர் அவர், தன் அக்கா தங்கைகளிடமும் அண்டை வீட்டாரிடமும் அந்தப் பெட்டியை நீட்டும்போது தலைநிமிர்ந்து நிற்க வேண்டியவரும் அவர்தான். மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு உயர்ந்த பொருளை வாங்கினாலும், அவருடைய கிளைமொழிக் குழுவின் வழக்கத்துக்குப் பொருந்தாவிட்டால் அந்தச் செலவால் பயனில்லை. ஹொக்கியன், தியோசூ, கேண்டனீஸ், ஹக்கா, ஹைனனீஸ் என்று சிங்கப்பூர்ச் சீனர்களுக்குள் வழக்கங்கள் வேறுபடுவதால், 'சீன முறை' என்ற ஒற்றைச் சொல்லை நம்பிக் கடைக்குப் போகக்கூடாது.

இரண்டாவது, யார் உண்ணப்போகிறார்கள் என்பது. மரபுச் சீனப் பலகாரங்களின் அடுக்குத் தோலுக்குப் பன்றிக்கொழுப்பே நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகிறது. பூரணத்தில் உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கருவும் இருக்கலாம். பெண்ணின் தந்தைக்கு மலாய் நண்பர்களோ, சைவம் காக்கும் பௌத்த உறவினர்களோ இருந்தால், 60 பெட்டிகளில் சில வேறாக இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, கெடாமல் இருக்கும் காலமும் கொண்டுசெல்லும் வசதியும். நான்காவது, விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள். இந்த நான்கில் ஒன்றை மட்டும் பார்க்க முடியும் என்றால், நான் தயங்காமல் முதலாவதைப் பார்ப்பேன். மற்ற மூன்றையும் பணத்தாலும் உழைப்பாலும் சமாளிக்கலாம். சம்பந்தியம்மாவின் மனவருத்தத்தை அப்படிச் சமாளிக்க முடியாது.

மரபுப் பலகாரம்

இந்தத் தேர்வுக்குள்ளேயே பல தேர்வுகள் இருக்கின்றன. கேண்டனீஸ் வகையில் மெல்லிய அடுக்குத் தோலுடைய வட்டப் பலகாரங்கள் முதன்மையானவை. பட்டுத் துணி வகை ஒன்றின் பெயரால் அவற்றைச் சிவப்பு லிங், மஞ்சள் லிங், வெள்ளை லிங் என்று வழங்குகிறார்கள். தோலின் நிறமே உள்ளிருக்கும் பூரணத்தை அறிவித்துவிடும். மஞ்சளுக்குப் பச்சைப்பயறு, சிவப்புக்குத் தாமரை விதை விழுது என்பது பரவலான ஏற்பாடு என்றாலும் கடைக்குக் கடை மாறுவதால் கேட்டு வாங்க வேண்டும். டிராகனும் ஃபீனிக்ஸ் பறவையும் அச்சிட்ட பெரிய கேக்குகளும் இந்த வரிசையில் சேர்பவை. ஹாங்காங்கில் 1938-இல் தொடங்கிய கீ வா, 1950-இல் தொடங்கிய விங் வா, யுவென் லாங் வட்டாரத்தின் ஹாங் ஹியுங் ஆகிய கடைகள் இவ்வகைக்குப் பெயர்பெற்றவை. அங்கே பழைய வழக்கத்தில் கேக்கை எண்ணிக்கையால் கேட்பதில்லை. ஏறத்தாழ 600 கிராம் கொண்ட கட்டி என்ற எடையளவில்தான் பெண் வீட்டார் கேட்பார்கள்.

தியோசூ குடும்பங்களில் கேக்கைக் காட்டிலும் நிலக்கடலை மிட்டாய், எள் மிட்டாய் போன்றவற்றுக்கு இடம் அதிகம். நம் கடலை மிட்டாயை அறிந்த நாக்குக்கு அவை அந்நியமாகத் தோன்றா. பச்சைப்பயற்று விழுது நிறைத்த தவ் சார் பியாவும் தியோசூ, ஹொக்கியன் இரு குழுவினரிடமும் வழங்குகிறது. சிங்கப்பூரின் தியோசூப் பலகாரக் கடையான தாய் மோ சான் 1943-இல் தொடங்கியது. 2011-இல் மூடப்பட்டு, பிறகு ஒரு பெரிய ரொட்டி நிறுவனத்தின் கையில் மீண்டும் திறக்கப்பட்டது. கேண்டனீஸ் வகையை நாடுவோர் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள தோங் ஹெங்குக்குப் போவது வழக்கம்.

தைவானின் முறை இன்னொரு கிளை. அங்கே 'பெரிய கேக்' என்று அழைக்கப்படும் வட்டப் பலகாரத்தை நெருங்கிய உறவினருக்கும், சிறு பிஸ்கட்டுகள் அடுக்கிய அழகிய பெட்டியை நண்பர்களுக்கும் தருவார்கள். பயற்று விழுதோடு வதக்கிய பன்றி இறைச்சியைக் கலந்த பூரணம் அங்கே பலருக்கும் விருப்பமானது. தைப்பேயின் ஷிலின் பகுதியில் 1867-இல் தொடங்கிய குவோ யுவான் யே, இந்தப் பலகாரங்களுக்கென அருங்காட்சியகமே நடத்துகிறது. பெண் தைவானைச் சேர்ந்தவராக இருந்தால் ஒழிய, சிங்கப்பூரில் இந்த முறையைத் தேடிப் போக வேண்டிய தேவையில்லை.

மரபுப் பலகாரத்தின் வலிமை, அதைப் பார்த்த மாத்திரத்தில் முதியவர்களுக்குச் செய்தி புரிந்துவிடுகிறது என்பதே. சிவப்புப் பெட்டியையும் 'இரட்டை மகிழ்ச்சி' என்று பொருள்படும் சீன எழுத்தையும் கண்டவுடன், "யார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம்?" என்று பாட்டி கேட்டுவிடுவார். மூதாதையர் படத்தின் முன் வைத்து வணங்கவும் இதுவே பொருத்தமானது. வெண்ணெய்க் கிரீம் கேக்குகளைப்போல் உடனே குளிர்பெட்டியில் வைக்க வேண்டியதில்லை என்பதால், பெண்ணின் பெற்றோர் சில நாள் அவகாசத்தோடு வீடு வீடாகச் சென்று கொடுக்கலாம்.

மறைந்திருக்கும் செலவுகளும் இதில்தான் அதிகம். முதலாவது காலம். திருமணப் பலகாரம் செய்யும் கடைகளே நிலாக் கேக்கும் செய்கின்றன; சந்திர நாட்காட்டியின் 8-ஆம் மாதத்தில் வரும் நடு இலையுதிர் விழாவுக்கு முந்தைய வாரங்களில் அவற்றின் அடுப்புகளுக்கு ஓய்வே இராது. அதற்கு முந்தைய 7-ஆம் மாதத்தில், ஆவிகள் உலவும் மாதம் என்பதால் பெரும்பாலோர் திருமணச் சடங்குகளையே தவிர்ப்பார்கள். தள்ளிவைத்தவர்கள் எல்லாரும் அடுத்த நல்ல நாளுக்கே வருவார்கள். பஞ்சாங்கம் நல்ல நாள் என்று சொன்ன தேதியை உங்களைப் போலவே இன்னும் பல குடும்பங்களும் குறித்திருக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது. இரண்டாவது எடை. 60 பெட்டி, பெட்டிக்கு 6 பலகாரம் என்றால் மொத்தம் 360 பலகாரங்கள். ஒரு காரின் பின்பக்கம் போதாது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் பாதியை அது அடைத்துக்கொள்ளும். கடையே கொண்டுவந்து தருமா, பெண்ணின் வீட்டுக்கா நம் வீட்டுக்கா, குறித்த நேரத்துக்குள்ளா என்று எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. மூன்றாவது, இளையவர்கள் பலர் இந்தச் சுவையை விரும்புவதில்லை. பெண்ணின் அலுவலகத்துக்கு 20 பெட்டி போனால், அவற்றில் பல திறக்கப்படாமலே மேசையில் கிடக்கக்கூடும்.

பெண்ணின் தாத்தா பாட்டி உயிரோடு இருக்கிற, பெற்றோர் தம் கிளைமொழி வழக்கத்தைப் பேணுகிற குடும்பத்துக்கு இதுவே சரியான தேர்வு. பட்டியலில் பெரும்பாலோர் 50 வயதைக் கடந்த உறவினர்கள் என்றால் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை.

மேற்கத்திய கேக்

வெண்ணெய்க் கேக், சுவிஸ் ரோல், அடுக்கடுக்காகச் சுட்டெடுக்கும் குவே லாப்பிஸ் போன்றவற்றைச் சிவப்புப் பெட்டியில் வைத்துத் தருவது சிங்கப்பூர், மலேசியச் சீனர்களிடையே நன்றாகவே வேரூன்றிவிட்டது. குவே லாப்பிஸ் இந்தோனேசியாவில் டச்சுக்காரர் காலத்தில் உருவானது என்றாலும், இங்கே அதை நாம் 'மேற்கத்திய' பக்கத்தில்தான் வைத்துப் பார்க்கிறோம். எல்லா வயதினரும் உண்பார்கள் என்பது இதன் முதல் நன்மை. ஹலால் சான்றிதழ் பெற்ற கடைகளிலும் கிடைக்கும் என்பது இரண்டாவது. 'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை' என்று கடையில் எழுதி ஒட்டியிருப்பதும், சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் வழங்கும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. முஸ்லிம் நண்பர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் சான்றிதழையே பார்க்க வேண்டும்.

குறை என்னவென்றால், முட்டை இல்லாமல் இவற்றைப் பெறுவது கடினம். குவே லாப்பிஸுக்கு முட்டையே உயிர். ஆகவே 'பன்றிக்கொழுப்பு இல்லை, எனவே எல்லாரும் உண்ணலாம்' என்று நினைத்துச் சைவ உறவினர்களிடம் நீட்டிவிடக்கூடாது. கிரீம் சேர்ந்தவை ஓரிரு நாளில் கெட்டுவிடும் என்பதால், அவற்றைப் பெற்ற அன்றே பகிர்ந்து முடிக்க ஆள்பலம் வேண்டும். 60 பெட்டிகளையும் ஒரே வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்க முடியாது. மாலைக்குள் காரில் சுற்றிக் கொடுத்துவிடும் தம்பிகளும் மாமன்களும் பெண் வீட்டில் இருக்கிறார்களா என்று பார்த்த பிறகே கிரீம் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெண்ணின் நண்பர்களும் சக ஊழியர்களும் பட்டியலில் மிகுந்திருக்கும்போதும், பல இனத்தவர் கலந்திருக்கும்போதும் இதுவே நல்லது.

பற்றுச்சீட்டு

ஹாங்காங்கில் 'கேக் அட்டை' என்ற பெயரில் இது நெடுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. பெட்டிகளைச் சுமப்பதற்குப் பதிலாக, அழைப்பிதழோடு ஓர் அட்டையைத் தந்துவிட்டால், பெற்றவர் தமக்கு வசதியான நாளில் கடைக்குச் சென்று அரை டஜனோ ஒரு டஜனோ கேக்கை வாங்கிக்கொள்வார். சிங்கப்பூரிலும் பலர் இப்போது இதையே கேட்கிறார்கள். மொத்தமாக வாங்கும்போது தள்ளுபடி கிடைக்கும், எதுவும் கெட்டுப்போகாது, சைவமோ அசைவமோ தமக்கு வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்ளலாம். வீவக வீட்டின் கூடமும் காலியாகவே இருக்கும்.

ஆனால் பற்றுச்சீட்டு என்பது கடையின் வாக்குறுதி மட்டுமே. அந்த வாக்குறுதியின் மீதான நம்பிக்கை குலைந்தால் என்ன ஆகும் என்பதை ஹாங்காங் இரு முறை கண்டது. 1984-இல் ஒரு பெரிய கேக் கடை நிறுவனம் மூடப்படப்போகிறது என்று வதந்தி பரவியதும், அட்டை வைத்திருந்தவர்கள் கடைகளின் முன் திரண்டு கையிலிருந்த அட்டைகளுக்கெல்லாம் கேக் கேட்டார்கள். ஆசிய நிதி நெருக்கடியின்போது 1997 நவம்பரில் வேறொரு நிறுவனத்துக்கும் அதே நிலை வந்தது. வங்கியில் பணத்தை எடுக்க மக்கள் முண்டியடிப்பதைப் போலவே கேக்குக்கும் வரிசை நின்றது. கடை உண்மையிலேயே மூடப்பட்டுவிட்டால், பற்றுச்சீட்டு வைத்திருப்பவர் கடைக்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் பின்னால்தான் நிற்க வேண்டும். நம் சம்பந்தியின் அண்ணன் வீட்டுக்காரர் அப்படி நின்றுவிட்டுத் திரும்பினால், இழந்தது 20 வெள்ளி (டாலர்) என்றாலும், இந்தக் கல்யாணத்தை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வரும்.

அன்றாடச் சிக்கல்கள் இன்னும் எளியவை. ஆனால் அவைதான் அடிக்கடி நேர்கின்றன. சீட்டில் காலாவதி நாள் இருக்கும். பெண்ணின் உறவினர்களில் ஒரு பகுதியினர் மலேசியாவின் ஜொகூரிலோ ஈப்போவிலோ இருந்தால் சிங்கப்பூர்க் கடையின் சீட்டு அவர்களுக்குப் பயன்படாது. நடக்க முடியாத பாட்டியைக் கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளச் சொல்வது முறையாகாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, மூதாதையர் படத்தின் முன் சீட்டை வைத்து வணங்க முடியாது. சீர்க் கூடை திறக்கப்படும்போது உள்ளே ஓர் உறை மட்டும் இருந்தால், அதைப் பார்க்கும் பெரியவர்களின் முகம் எப்படி மாறும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

பெண்ணின் தாயாரே பற்றுச்சீட்டு போதும் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால், தயங்காமல் வாங்கலாம். அவர் சொல்லாமல் நாமாக முடிவுசெய்தால், செலவைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் எழ இடமுண்டு.

பெட்டியையும் சீட்டையும் கலப்பது

என் கருத்தில், பெரும்பாலான கலப்புத் திருமணங்களுக்கு இதுவே உகந்தது. கூடையில் வைக்கவும், பெண்ணின் தாத்தா பாட்டிக்கும் நெருங்கிய உறவினருக்கும் கொடுக்கவும் மரபுப் பலகாரம் 12 அல்லது 20 பெட்டி. நண்பர்களுக்கும் சக ஊழியர்களுக்கும் பற்றுச்சீட்டு. முஸ்லிம், சைவ நண்பர்களுக்கு அவரவர்க்கு ஏற்ற தனிப் பெட்டி. இதன் மறைசெலவு பணத்தில் இல்லை, கணக்கு வைப்பதில் இருக்கிறது. யாருக்கு எது என்ற பட்டியலைப் பெண்ணின் தாயார்தான் தயாரிக்க வேண்டும். ஒரே குடும்பத்தின் இரு கிளைகளில் ஒருவருக்குப் பெட்டியும் மற்றவருக்குச் சீட்டும் போய்விட்டால் பேச்சு வரும். பெட்டி, சீட்டு என்ற பிரிவினையை உறவின் நெருக்கத்தை வைத்துச் செய்யாமல் வீட்டின் தூரத்தை வைத்துச் செய்தால் அந்தப் பேச்சைத் தவிர்க்கலாம்.

தமிழ்ப் பெண்ணைச் சீன மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் குடும்பத்துக்கு நான் வேறொன்றைப் பரிந்துரைப்பேன். மாப்பிள்ளை வீட்டார் பணம் தருவது, பெண்ணின் பெற்றோர் பகிர்வது, செய்தி பரவுவது என்ற மூன்றும்தான் இந்த வழக்கத்தின் உயிர்நிலை. உள்ளே இருப்பது லட்டாகவோ மைசூர்பாகாகவோ இருந்தால் அந்த உயிர்நிலைக்கு எந்தக் குறையும் வராது. லிட்டில் இந்தியாவில் நல்ல நெய்யில் செய்த இனிப்புகளைச் சிவப்புப் பெட்டிகளில் அடுக்கித் தரச் சொல்லி, அதற்கான செலவை ஏற்கும்படி மாப்பிள்ளை வீட்டாரிடம் மரியாதையாகக் கேட்கலாம். மாப்பிள்ளையின் பெற்றோர் மனநிறைவுக்காக இரண்டு பெட்டி சீனப் பலகாரமும் அந்த வரிசையில் இருக்கட்டும். அவற்றில் பன்றிக்கொழுப்பு உண்டா என்று கேட்டு, தனித் தட்டில் வைத்துவிட்டால் போதும்.

கூடையில் வரும் மற்றவை

கேக் தனியாகப் போவதில்லை. பின் ஜின் எனப்படும் பரிசப் பணம், ஆரஞ்சு, இரண்டு புட்டி மது, டிராகன் ஃபீனிக்ஸ் மெழுகுவத்தி, பன்றிக்கால், உலர்ந்த கடலுணவு என்று குழுவுக்குக் குழு பட்டியல் நீளும். தியோசூ குடும்பங்களில் மாமியார் மருமகளுக்குத் தரும் சி தியன் ஜின், அதாவது 'நான்கு பொன்', தனிச் சிறப்புடையது. சங்கிலி, பதக்கம், காதணி, வளையல் அல்லது மோதிரம் என்று நான்கும் ஒரு வீட்டுக் கூரையின் நான்கு மூலைகளைக் குறிப்பதாகச் சொல்வார்கள். நான்கு என்ற எண்ணின் ஒலி மரணத்தைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பதால் மற்ற இடங்களில் அதைத் தவிர்க்கும் மக்கள், இங்கே மட்டும் அதை மகிழ்ச்சியோடு ஏற்கிறார்கள்.

சைனாடவுன் கடைகளில் கூடை வாடகையோடு எல்லாப் பொருளும் சேர்த்து ஒரே தொகுப்பாகவும் கிடைக்கிறது. வழக்கம் தெரியாத தமிழ்க் குடும்பத்துக்கு இந்தத் தொகுப்பு பெரிய உதவி. ஆனால் அது பொதுவான பட்டியல் என்பதால், பெண்ணின் குழுவுக்குத் தேவையில்லாதவையும் அதில் இருக்கும், தேவையான ஒன்று விடுபட்டும் இருக்கும். வாங்கும் முன் அந்தப் பட்டியலைப் படமெடுத்துச் சம்பந்தியம்மாவுக்கு அனுப்பி, எதைச் சேர்க்கலாம், எதை எடுக்கலாம் என்று கேட்டுவிட்டால் இரண்டு குறைகளும் தீரும்.

நம் வழக்கமும் அவர்கள் வழக்கமும் நேருக்கு நேர் மோதும் இடம் எண்ணிக்கைதான். நாம் தட்டுகளை 11, 21 என்று ஒற்றைப்படையில் வைக்கிறோம்; பணத்தை 101, 1,001 என்று வைக்கிறோம். அவர்களுக்கு எல்லாம் இரட்டைப்படையில், இணை இணையாக வர வேண்டும். பணம் 888, 8,888 என்று எட்டில் முடிவது விருப்பம். 1,001 வெள்ளியை உறையில் வைத்துக் கொடுத்த தமிழ்ப் பெரியவருக்கு, அந்தத் தனித்த ஒன்று எதிரே இருப்பவரை உறுத்தும் என்று தெரியாது. குவோ தா லி நிகழ்வுக்கு அவர்கள் கணக்கையும், நம் வீட்டுப் பரிசத்துக்கு நம் கணக்கையும் பின்பற்றினால் இருவருக்கும் குறை இராது. உறை வெள்ளையாக இருக்கக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளை உறை துக்க வீட்டுக்குரியது.

இன்னொன்று, நம்மவர்கள் பலரைத் திடுக்கிட வைப்பது. கொண்டுபோன ஆரஞ்சில் பாதியும், பணத்தில் ஒரு பகுதியும், சில சமயம் கேக்கில் சில பெட்டிகளும் அன்றே நம் கையில் திரும்பக் கொடுக்கப்படும். சீரைத் திருப்பிவிட்டார்களே என்று மனம் நோக வேண்டாம். ஹுய் லி என்ற இந்த எதிர்ச்சீர் முறைப்படி, எல்லாவற்றையும் தாமே வைத்துக்கொள்வதுதான் பேராசையாகக் கருதப்படும். திரும்பி வரும் கேக்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதால், '60 பெட்டி' என்று கேட்டது பகிர்வதற்கு மட்டுமா, திருப்பித் தருவதையும் சேர்த்தா என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம்.

பின் ஜின் தொகையைப் பற்றி நீளமாகச் சொல்ல விரும்பவில்லை. சீனப் பெருநிலத்தில் இது சில ஊர்களில் குடும்பங்களைக் கடனில் தள்ளும் அளவுக்குப் போனதால், அங்குள்ள உச்ச மக்கள் நீதிமன்றம் இது தொடர்பான வழக்குகளுக்கென விதிகளை வகுத்தது. அவை 2024 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. சிங்கப்பூரில் இது பெரும்பாலும் அடையாளத் தொகை. ஆனால் 'உங்களால் முடிந்ததை வையுங்கள்' என்று பெண் வீட்டார் சொன்னால், பையன் மூலமாகப் பெண்ணிடம் கேட்டு அவர்கள் மனத்தில் உள்ள தொகையைத் தெரிந்துகொள்வதே நல்லது.

முன்பதிவுக்கு முன்

கடைக்குப் போகும் முன் சம்பந்தியம்மாவிடம் கேட்க வேண்டியவை சிலவே. உங்கள் கிளைமொழிக் குழு எது, அம்மா வழி வழக்கமா அப்பா வழி வழக்கமா? மொத்தம் எத்தனை பெட்டி, திரும்பித் தருவது அதில் அடங்குமா? பன்றிக்கொழுப்பு, முட்டை வேண்டாதவர் எத்தனை பேர்? பெட்டியா சீட்டா என்பதில் உங்கள் விருப்பம் என்ன? கேட்பவர் பையனின் தாயாராக இருந்து, தேநீர் அருந்தியபடி நேரில் கேட்டால், தொலைபேசியில் வராத பதில்களும் வரும். மொழி தடையாக இருந்தால் பெண்ணையே உடன் வைத்துக்கொள்ளலாம். அவளுக்கும் தன் தாயாரின் விருப்பங்களைத் தெரிந்துகொள்ள அது முதல் வாய்ப்பாக இருக்கக்கூடும்.

பதில்கள் கிடைத்ததும், குவோ தா லி நாளுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே மரபுப் பலகாரக் கடையில் பதிவுசெய்துவிட வேண்டும். நடு இலையுதிர் விழாவை ஒட்டிய நாள் என்றால் இன்னும் முன்னதாக. முதலில் ஒரே ஒரு பெட்டியை வாங்கிச் சம்பந்தியம்மாவுக்கு எடுத்துப்போய்ச் சுவைக்கச் சொல்வது நல்ல வழக்கம். எண்ணிக்கையை உறுதிசெய்யும்போது அவர் சொன்னதற்கு மேல் இரண்டு பெட்டி கூடுதலாகச் சொல்லிவையுங்கள். யாரோ ஓர் அத்தையின் பெயர் பட்டியலில் விடுபட்டிருக்கும். இரண்டு என்பதால் மொத்தம் இரட்டைப்படையிலேயே நிற்கும்.